விதை நெல்லும் விளைந்த நெல்லும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் ஜூலை மாத இறுதியை ஒட்டி ஒரு வாணிகம் சூடுபிடிக்கும். அந்த வாணிகத்தில் கைமாறும் சரக்கு மனிதர்கள். பேஸ்பால் ஆட்டத்தின் மேல்நிலை லீகுகளில் 30 கழகங்கள் இருக்கின்றன. வெற்றிக்கு அருகில் நிற்கும் கழகம், இன்னும் ஒரு தேர்ந்த வீரர் கிடைத்தால் போதுமே என்று ஏங்கும். பின்தங்கிவிட்ட கழகத்திடம் அத்தகைய வீரர் ஒருவர் இருப்பார். அவரைக் கொடுப்பதற்கு அது கேட்கும் விலை பெரும்பாலும் பணம் அன்று. வெளியுலகம் பெயரறியாத, இருபது வயதை ஒட்டிய இளைஞர் இரண்டு மூன்று பேரைக் கேட்கும். அவர்கள் நாளைக்குப் பேராட்டக்காரர்கள் ஆகலாம், ஆகாமலும் போகலாம். கொடுக்கலாமா, கூடாதா?

நம் உழவர் வாக்கில் சொன்னால், விதை நெல்லைக் குற்றி இன்றைய பசியைத் தீர்த்துக்கொள்ளலாமா என்பதே கேள்வி. கேட்டவுடனே கூடாது என்று சொல்லத்தான் தோன்றும். ஆனால் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் விடை அவ்வளவு எளிதாக அகப்படுவதில்லை.

ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். கிரிக்கெட்டைப் போலவே இதிலும் ஒருவர் பந்து வீச, ஒருவர் மட்டையால் அடிக்கிறார். ஓர் அணிக்கு ஒன்பது பேர். ஆனால் பந்து வீச்சாளரின் ஆதிக்கம் இங்கே மிகுதி. நல்ல வீச்சாளர் ஒருவர் நின்றால் அன்றைய ஆட்டம் ஏறக்குறைய அவர் கையில் இருக்கிறது எனலாம். வேனிற் பருவம் முழுவதும் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆடுகிறது. முன்னணியில் வருபவை அக்டோபரில் மோதி, முடிவில் உலகத் தொடர் என்னும் போட்டியில் வெற்றி வாகை சூடுகின்றன. மேல்நிலைக் கழகங்களின் கீழே படிப்படியாகக் கீழ்நிலை லீகுகள் உள்ளன. அங்கேதான் இளைஞர்கள் பழகுகிறார்கள். அந்தக் கீழ்நிலை அணிகளுக்கு அமெரிக்கர் இட்ட பெயர் ‘பண்ணை’ என்பதாகும். ஆகவே விதை நெல் என்ற உவமையை நாம் வலிந்து கொண்டுவரவில்லை. அது அவர்கள் வழக்கிலேயே பாதி ஒளிந்து கிடக்கிறது.

இந்தப் பண்ணை முறையை வகுத்தவர் பிராஞ்சு ரிக்கி என்பவர். 1881-இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர், சட்டம் பயின்றவர், சிறிது காலம் தாமே ஆடியும் பார்த்தவர். அவர் நடத்திய செயின்ட் லூயி கார்டினல்ஸ் கழகம் 1920-ஐ ஒட்டி வறிய கழகமாக இருந்தது. நல்ல இளைஞன் ஒருவனைக் கண்டுபிடித்தால், நியூயார்க் போன்ற செல்வக் கழகங்கள் கூடுதல் விலை கொடுத்து அவனைத் தட்டிக்கொண்டு போய்விடும். வாங்க முடியாதவன் விளைவித்துக்கொள்ள வேண்டும் என்று ரிக்கி கருதினார். சிறு ஊர்களின் கழகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கைக்குள் கொண்டுவந்தார். 1940-ஐ ஒட்டி அக்கழகத்தின் ஆதிக்கத்தில் 30-க்கு மேற்பட்ட கீழ்நிலை அணிகள் இருந்தன. 1926, 1931, 1934, 1942 ஆகிய ஆண்டுகளில் செயின்ட் லூயி உலகத் தொடரை வென்றது. இவரே பின்னர் புரூக்ளின் நகருக்குச் சென்று, 1947-இல் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரரை மேல்நிலை ஆட்டத்தில் இறக்கி, நிறவேற்றுமைச் சுவரை உடைத்தவர்.

பண்ணை நிறைந்திருந்ததால் ரிக்கிக்கு ஒரு துணிவு பிறந்தது. முதிர்ந்த ஆட்டக்காரரை ஓராண்டு பிந்தி விற்பதைவிட ஓராண்டு முந்தி விற்பதே மேல் என்பது அவர் கொள்கை. 1938-இல் டிஸ்ஸி டீன் என்ற புகழ்பெற்ற பந்து வீச்சாளரைச் சிகாகோ கப்ஸ் கழகத்துக்குக் கொடுத்து, மூன்று ஆட்டக்காரரையும் 1,85,000 டாலரையும் வாங்கிக்கொண்டார். டீனுடைய தோள் அதற்குள் பழுதுபட்டிருந்தது. இதைக் கேட்பவர்கள் சிகாகோ ஏமாந்தது என்று எண்ணுவார்கள். ஆனால் அந்த ஆண்டில் டீன் அரை வலிமையோடு ஆடியே ஏழு வெற்றிகளைத் தேடித் தந்தார், தோல்வி ஒன்றுதான். சிகாகோ தன் லீகில் முதலிடம் பெற்றது. உலகத் தொடரில் நியூயார்க்கிடம் நான்கு ஆட்டங்களையும் தோற்றது என்பது வேறு கதை. விற்றவரும் வாங்கியவரும் ஒருங்கே ஆதாயம் அடைந்த வாணிகம் இது என்று சொல்லலாம்.

அதே இரண்டு நகரங்களுக்கு இடையே 1964-இல் நடந்த மாற்றம் அப்படி முடியவில்லை. இம்முறை இளைஞனை வைத்திருந்தது சிகாகோ. லூ பிராக் என்பவர் 25 வயதை எட்டிக்கொண்டிருந்தார், மின்னலென ஓடுவார், ஆனால் ஆயிரம் வாய்ப்புக்கு 251 என்ற கணக்கில்தான் அடித்துக்கொண்டிருந்தார். செயின்ட் லூயியிடம் எர்னி பிராக்லியோ என்ற வீச்சாளர் இருந்தார். முந்தின ஆண்டில் 18 வெற்றி கண்டவர். அக்காலத்தில் பருவத்தின் நடுவே ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் ஜூன் 15. அந்த நாளிலேயே மாற்றம் முடிந்தது. இருபுறமும் மும்மூன்று பேர் கைமாறினாலும் மக்கள் கண்டது இந்த இருவரைத்தான். சிகாகோ நகரத்தில் பலர் மகிழ்ந்தனர். தேர்ந்த கை கிடைத்துவிட்டது அல்லவா!

நடந்தது என்ன? செயின்ட் லூயிக்கு வந்த பிராக் அந்த ஆண்டின் எஞ்சிய ஆட்டங்களில் ஆயிரத்துக்கு 348 என்று அடித்தார். அவ்வணி ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் லீகில் முந்தி, நியூயார்க் யாங்கீஸையும் வீழ்த்தி உலகத் தொடரை வென்றது. பிராக் ஓய்வு பெறும்போது 3,023 வெற்றி அடிகளும் 938 திருட்டு ஓட்டங்களும் அவர் பெயரில் இருந்தன. பிராக்லியோவின் முழங்கையோ அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாயிற்று. சிகாகோவில் மூன்று பருவங்களிலும் சேர்த்து அவர் பெற்ற வெற்றிகள் ஏழு. இன்றைக்கும் அமெரிக்காவில் கெட்ட பேரம் ஒன்றைக் குறிப்பிட வேண்டுமானால் இந்த இரு பெயர்களையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

பிராக்லியோ நாணயமான ஆட்டக்காரர். அவர் கை வலித்தது அவர் குற்றம் அன்று. அவரைப் பழமொழிப் பொருளாக்கியது சற்றுக் கொடுமை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1964-இல் வாகை சூடிய அந்த அணியில் பிராக்கின் அருகே, நடுக்களத்தில் நின்றவர் கர்ட் ஃபிளட். அவரும் ஒரு காலத்தில் விதை நெல்லாகக் கைமாறியவரே. 1957 டிசம்பரில், 19 வயதில், சின்சினாட்டி கழகம் அவரைச் செயின்ட் லூயிக்குக் கொடுத்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்நகரத்தில் சிறந்து ஆடினார். 1969-இல் அவரைக் கேளாமலே பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். இம்முறை அவர் மறுத்துவிட்டார். தன் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தான் ஓர் உடைமை அல்லன் என்று லீகுகளின் ஆணையருக்குக் கடிதம் எழுதினார், வழக்கும் தொடுத்தார். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இது நம் பொருளுக்குப் புறம்பானது என்று எண்ண வேண்டாம். அன்று வரை ஆட்டக்காரர் கையெழுத்திட்ட கழகத்துக்கே கழகம் விரும்பும் வரை கட்டுப்பட்டவர். ஆகவே இளைஞனுக்கும் முதியவனுக்கும் இடையே கழகத்தின் கண்ணில் இருந்த பெரிய வேற்றுமை வயது ஒன்றே. 1975 டிசம்பரில் ஒரு நடுவர் அளித்த தீர்ப்பு அந்தக் கட்டை அறுத்தது. அதன்பின் எழுந்த ஏற்பாட்டின்படி மேல்நிலையில் ஆறாண்டு ஆடியவர் தம் விருப்பம்போல் எக்கழகத்திற்கும் போகலாம். அந்த ஆறாண்டுக்குள், அதிலும் முதல் மூன்றாண்டுகளில், அவருக்கு ஊதியம் குறைவு. எனவே திறமையுள்ள இளைஞன் என்றால் ஆறாண்டுக் காலத்துக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் உழைப்பு என்று பொருளாயிற்று. தேர்ந்த வீரரோ ஓரிரு ஆண்டில், சில சமயம் ஓரிரு மாதத்தில், பறந்துபோகக் கூடியவர். பேரத்தின் தராசே மாறிவிட்டது. கழகங்கள் இதைப் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைக்காலத்தில்தான் மிகப் பெரிய பாடங்கள் விளைந்தன.

1987 ஆகஸ்ட் மாதம். டிட்ராயிட் டைகர்ஸ் அணி டொரான்டோ அணியோடு முதலிடத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. டிட்ராயிட்டின் மட்டையாளர்கள் பலர் முப்பதைக் கடந்தவர்கள். இந்த ஆண்டு விட்டால் இன்னொரு வாய்ப்பு வருமோ வராதோ என்ற நிலை. வீச்சாளர் ஒருவர் தேவைப்பட்டார். அட்லாண்டா பிரேவ்ஸ் கழகத்தில் டாயில் அலெக்சாண்டர் என்ற 36 வயதுக்காரர் இருந்தார். 12-ஆம் தேதி அவர் டிட்ராயிட்டுக்கு வந்தார். பதிலுக்குப் போனவர் ஜான் ஸ்மோல்ட்ஸ், 20 வயது. டிட்ராயிட்டை அடுத்த வாரன் நகரில் பிறந்து, அதே மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் வளர்ந்தவர். டைகர்ஸ் அணியையே நெஞ்சில் வைத்து வளர்ந்த சிறுவன். அந்த ஆண்டு கீழ்நிலை லீகில் அவர் கண்ட வெற்றி நான்கு, தோல்வி பத்து.

அலெக்சாண்டர் செய்தது வியப்பானது. எஞ்சிய ஏழு வாரத்தில் ஒன்பது வெற்றி; தோல்வியே இல்லை. பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களும் டிட்ராயிட்டுக்கும் டொரான்டோவுக்கும் இடையே நிகழ வேண்டியிருந்தது. மூன்றிலும் டிட்ராயிட் வென்றது. அவற்றுள் முதலாவதில் வீசியவர் அலெக்சாண்டர். 98 வெற்றிகளோடு, இரண்டே ஆட்டம் முந்தி, டிட்ராயிட் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அந்த ஒன்பது வெற்றிகளை எடுத்துவிட்டால் இந்த முதலிடம் கிடையாது என்று துணிந்து கூறலாம். ஆனால் அடுத்த சுற்றில் மின்னசோட்டா அணி டிட்ராயிட்டை 4-க்கு 1 என்று விரட்டியது. அலெக்சாண்டர் வீசிய இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி.

பின்னர் நடந்தவை சுருக்கமாகச் சொல்லக் கூடியவை. 1989-இல் டிட்ராயிட் 103 ஆட்டங்களில் தோற்றது. அலெக்சாண்டர் மட்டும் 18 தோல்வி கண்டு ஆட்டத்தை விட்டார். டிட்ராயிட் மீண்டும் அக்டோபர்ப் போட்டிகளுக்குள் நுழைய 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஸ்மோல்ட்ஸோ அட்லாண்டாவில் இருபது ஆண்டு வீசினார். 213 வெற்றி; ஆட்ட இறுதியில் வந்து வெற்றியைக் காத்த தருணங்கள் 154; 1995-இல் உலகத் தொடர்; 2015-இல் புகழ் மண்டபத்தில் இடம். 1991 உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் அவரை எதிர்த்து மின்னசோட்டாவுக்காக வீசியவர் ஜாக் மாரிஸ். 1987-இல் டிட்ராயிட்டின் தலைசிறந்த வீச்சாளராக இருந்தவர். ஏழு இன்னிங்ஸ் கடந்தும் இருவரும் ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. ஸ்மோல்ட்ஸ் எட்டாவதில் வெளியேறினார். மாரிஸ் பத்தும் முடித்து 1-க்கு 0 என வென்றார். டிட்ராயிட்டின் நேற்றும் நாளையும் வேறு இரு நகரங்களின் உடையணிந்து மோதிக்கொண்ட காட்சி அது.

அப்படியானால் டிட்ராயிட் செய்தது மடமையா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பத்துத் தோல்வி கண்ட ஓர் இளைஞனைக் கொடுத்து, எதற்காக வாங்கினார்களோ அதை முற்றிலும் பெற்றார்கள். ஸ்மோல்ட்ஸ் டிட்ராயிட்டிலேயே இருந்திருந்தால் இவ்வளவு உயர்ந்திருப்பாரா என்பதும் யாருக்கும் தெரியாது. 1991-இன் முதற் பாதியில்கூட அவர் 2 வெற்றி, 11 தோல்வி என்று தடுமாறினார். அட்லாண்டா பொறுமையோடு அவரை நிறுத்தி வைத்தது. பிற்பாதியில் 12 வெற்றி, 2 தோல்வி என்று மீண்டார். நாற்றைப் பிடுங்கி எந்த வயலில் நடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

பாஸ்டன் கழகத்தின் கதை வேறு. 1990 ஆகஸ்ட் இறுதியில் அது ஹூஸ்டனிடமிருந்து லாரி ஆண்டர்சன் என்னும் 37 வயது வீச்சாளரை வாங்கியது. அவர் ஆட்டம் முழுவதும் வீசுபவர் அல்லர். இடையில் வந்து ஓரிரு இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போகிறவர். பாஸ்டனுக்காக அவர் வீசியது மொத்தம் 22 இன்னிங்ஸ், நன்றாகவே வீசினார். பாஸ்டன் தன் பிரிவில் இரண்டு ஆட்டம் முந்தியது. அடுத்த சுற்றில் ஓக்லாந்திடம் நான்கையும் தோற்றது. அடுத்த ஆண்டு ஆண்டர்சன் வேறு கழகத்தில் இருந்தார். அந்த 22 இன்னிங்ஸுக்குக் கொடுத்த விலை ஜெஃப் பாக்வெல். அடுத்த ஆண்டே சிறந்த புதுமுகம். 1994-இல் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர். ஹூஸ்டனில் பதினைந்து பருவம், 449 ஹோம் ரன்.

பாஸ்டனாரின் எண்ணத்தையும் நேர்மையாகக் கூற வேண்டும். பாக்வெல் கீழ்நிலையில் ஆயிரத்துக்கு 333 அடித்தவர் என்றாலும் அந்தப் பருவத்தில் அவர் அடித்த ஹோம் ரன் நான்குதான். வலிமையில்லாதவர் என்று மதிப்பிட்டார்கள். அவர் காத்த மூன்றாம் தளத்தில் வேட் பாக்ஸ் என்ற பெருவீரர் நின்றார். இடமில்லாத இளைஞனைக் கொடுப்பது தவறில்லைதான். ஆனால் என் குறை அதில் இல்லை. சில வாரத்துக்கு, ஒரு நாளில் ஓரிரு இன்னிங்ஸ் வீசும் ஒருவருக்காக, அந்த லீகிலேயே சிறந்தவர் எனப் பெயரெடுத்த இளைஞனைக் கொடுத்தார்கள். அலெக்சாண்டர் ஐந்து நாளுக்கு ஒரு முறை ஓர் ஆட்டத்தையே தாங்கியவர். இரண்டு பேரங்களும் முடிவில் ஒன்றுபோல் தோன்றினாலும், செய்த நாளில் ஒன்றுபோல் இருந்தவை அல்ல.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டால் விதை நெல் எல்லாம் முளைத்து மரமளவு வளரும் என்று தோன்றிவிடும். சரித்திரம் எழுதுகிறவர்களின் பெருங்குற்றம் இதுதான்: முளைத்தவற்றை மட்டும் நினைவில் வைப்பார்கள். உண்மையில் கீழ்நிலை லீகுகளில் ஆடுபவரில் பெரும்பாலோர் மேல்நிலையை எட்டிப் பார்ப்பதே இல்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற பழமொழி பேஸ்பால் பண்ணையில் அடிக்கடி பொய்த்துப்போகிறது.

2007 டிசம்பரில் அதே டிட்ராயிட் கழகம் ஃபுளோரிடா கழகத்துக்கு ஆறு இளைஞரைக் கொடுத்தது. அவர்களுள் கேமரன் மேபின், ஆண்ட்ரூ மில்லர் ஆகிய இருவரும் நாடே உற்றுநோக்கிய முளைகள். வாங்கியது மிகேல் கப்ரேராவையும் டான்ட்ரெல் வில்லிஸையும். வில்லிஸால் பயனில்லை. கப்ரேரா 2012-இல் அடி விகிதம், ஹோம் ரன், ஈட்டித் தந்த ஓட்டம் ஆகிய மூன்றிலும் லீகில் முதல்வரானார். அதற்கு முன் 45 ஆண்டுகளாக மேல்நிலையில் யாருக்கும் கைகூடாத சாதனை அது. அந்த ஆண்டில் டிட்ராயிட் உலகத் தொடரிலும் ஆடியது. மேபினும் மில்லரும் ஃபுளோரிடாவில் சோபிக்கவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: வந்தபோது கப்ரேராவின் வயது 24. தேர்ந்தவர் என்றால் முதியவர் என்று பொருளல்ல. விளைந்த நெல்லும் விதை நெல்லும் ஒன்றாகவே இருக்கும் அரிய தருணங்கள் உண்டு. அப்போது கொடுக்கத் தயங்குகிறவன்தான் இழக்கிறான்.

சிகாகோவுக்குத் திரும்புவோம். 1908-க்குப் பிறகு அக்கழகம் உலகத் தொடரை வென்றதே இல்லை. 1945-க்குப் பிறகு அதில் ஆடியதும் இல்லை. மூன்று தலைமுறை காத்திருந்து கண்மூடியது. 2016-இல் நல்ல அணி அமைந்தது. ஜூலை 25-ஆம் தேதி, ஆட்டத்தின் இறுதியில் வந்து வீசும் அரோல்டிஸ் சாப்மனை நியூயார்க் யாங்கீஸிடமிருந்து வாங்கினார்கள். கொடுத்தவர் நால்வர்; அவர்களுள் கிளேபர் டோரஸ் என்னும் இளைஞர் பெருந்திறமை வாய்ந்தவர் என்பதை எல்லோரும் அறிவர். சாப்மனின் ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது என்பதும் தெரிந்ததே. ஆறே நாளில் கிளீவ்லாந்து கழகமும் அதே நியூயார்க்கிடம் நால்வரைக் கொடுத்து ஆண்ட்ரூ மில்லரை வாங்கிற்று. ஆம், 2007-இல் டிட்ராயிட் விட்ட அதே மில்லர்.

நவம்பர் 2-ஆம் தேதி கிளீவ்லாந்தில் உலகத் தொடரின் ஏழாம் ஆட்டம். வாங்கி வந்த இருவரும் வீசினார்கள், இருவரையும் அடித்தார்கள். மில்லரிடம் டேவிட் ராஸ் ஹோம் ரன் அடித்தார். எட்டாம் இன்னிங்ஸில் சாப்மனிடம் ராஜை டேவிஸ் அடித்த ஹோம் ரன் 6-க்கு 6 என்று ஆட்டத்தைச் சமனாக்கியது. இடையே சிறிது நேரம் மழை. பத்தாம் இன்னிங்ஸில் சிகாகோ 8-க்கு 7 என்று வென்றது. டிசம்பரில் சாப்மன் நியூயார்க்குக்கே திரும்பிவிட்டார். டோரஸும் அங்கேயே 2018-இல் மேல்நிலைக்கு வந்து முதலிரண்டு ஆண்டுகளிலும் நட்சத்திர அணியில் இடம்பெற்றார். கணக்கு நோட்டில் நியூயார்க்குக்கே இலாபம். ஆயினும் 108 ஆண்டு காத்திருந்த ஒரு நகரத்திடம் அந்தக் கணக்கை நீட்டினால், யார் வாங்கிப் படிப்பார்கள்? என் கருத்தில், இளைஞனின் மதிப்பை நன்கு அறிந்தே கொடுத்த பேரம் இது. 1964-இன் பேரத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அங்கேதான் இருக்கிறது.

கிளீவ்லாந்து கொடுத்த நால்வருள் யாரும் பேராட்டக்காரர் ஆகவில்லை. கிளீவ்லாந்து உலகத் தொடர் வரை சென்றது, அதை வெல்லவில்லை.

மில்லரின் வாழ்க்கையைத் தனியே பார்க்கலாம். 2006-இல் பல்கலைக்கழகத்திலிருந்து டிட்ராயிட் அவரைத் தெரிந்தெடுத்தது. 2007-இல் விதை நெல்லாக ஃபுளோரிடாவுக்குப் போனார், முளைக்கவில்லை. 2010-இல் ஃபுளோரிடா அவரைப் பாஸ்டனுக்குத் தள்ளிவிட்டது. அங்கே அவரை ஆட்டத்தின் பிற்பகுதியில் மட்டும் வீச வைத்தார்கள். அவர் வேறு மனிதரானார். 2014 ஜூலையில் பாஸ்டன் அவரைத் தேர்ந்த வீரராகப் பால்டிமோருக்குக் கொடுத்து, எட்வார்டோ ரோட்ரிகெஸ் என்ற இளைஞரை வாங்கியது. பால்டிமோர் தன் பிரிவில் முதலிடம் பெற்று, அடுத்தடுத்த சுற்றில் கான்சஸ் நகரத்திடம் தோற்றது. மில்லர் நியூயார்க்குக்குப் போய்விட்டார். ரோட்ரிகெஸ் பாஸ்டனில் தங்கி, 2018-இல் உலகத் தொடரை வென்ற அணியில் வீசினார். 2019-இல் 19 வெற்றி கண்டார். மில்லர் 2016-இல் கிளீவ்லாந்து சென்று, லீகின் இறுதிப் போட்டியில் தலைசிறந்தவர் என்ற பரிசைப் பெற்றார். 2022-இல் ஓய்வு பெற்றார். அவரை இளைஞராகவும் தேர்ந்தவராகவும் மதிப்பிட்டுக் கைமாற்றிய கழகங்கள் டிட்ராயிட், ஃபுளோரிடா, பாஸ்டன், நியூயார்க் என நான்கு.